விட்டு விட்டு அறுந்து போகும் புரோஃபிபஸ்: பழுதைத் தேடும் முறை

அடியோடு நின்றுபோன லைனில் பழுதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆவதில்லை. ஷிஃப்டுக்கு ஓரிரு முறை கண நேரம் அறுந்து, தானாகவே திரும்பி வரும் லைன்தான் ஆளைப் படுத்தும். டிரைவ் ட்ரிப் ஆகும், ஆபரேட்டர் ரீசெட் அடிப்பார், மெஷின் மறுபடி ஓடும். மெயின்டனன்ஸ் ஆள் பானலைத் திறக்கும்போது எல்லா விளக்கும் பச்சையாக எரியும். அந்த நேரத்தில் கை தானாக ஸ்பேர் கார்டைத் தேடிப் போகிறது. கார்டை மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த வகைப் பழுது பெரும்பாலும் ஒயரிலும் கனெக்டரிலும் டெர்மினேஷனிலும்தான் இருக்கும். கார்டைக் கழற்றி மாட்டும்போது கனெக்டர் அசைந்து சில நாள் சரியாக ஓடும். ‘கார்டுதான் போச்சு’ என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சீமென்ஸ் எஸ்7-300, 400 பிஎல்சிகளோடு ஓடும் புரோஃபிபஸ் டிபி, அதாவது அந்த ஊதா நிறக் கேபிள்.

ரீசெட்டுக்கு முன் பதிவு

பிஎல்சியின் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்தால் எந்த ஸ்டேஷன் எத்தனை மணிக்கு அறுந்தது, எப்போது திரும்பியது என்று இருக்கும். ஆனால் அதில் இடம் குறைவு. புதிய பதிவு வர வர பழையது அழிந்துபோகும். ஆகவே ஸ்டேஷன் அறுந்தால் பிஎல்சி ஓட்டும் புரோகிராம் பிளாக்கான ஓபி86-இல் நாலு வரி எழுதி, அறுந்த ஸ்டேஷனின் எண்ணையும் நேரத்தையும் ஒரு டேட்டா பிளாக்கில் சேர்த்து வையுங்கள். ஓபி86 லோட் ஆகவே இல்லையென்றால் ஒரு ஸ்டேஷன் அறுந்ததும் சிபியு ஸ்டாப்புக்குப் போய்விடும். சில ஆலைகளில் ‘பிஎல்சி அடிக்கடி நிற்கிறது’ என்ற புகாரின் காரணமே அதுதான். பிஎல்சியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நேரம் தப்பாக இருந்தால், பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆன நேரத்தோடு அதை ஒப்பிட முடியாது.

மாஸ்டர் அனுப்பிய செய்திக்குப் பதில் வராவிட்டால் அது மறுபடி அனுப்பிப் பார்க்கும். அந்த மறுமுயற்சிகளும் தோற்ற பிறகுதான் ‘ஸ்டேஷன் ஃபெயிலியர்’ பதிவாகும். எனவே முதல் பதிவு விழுவதற்கு வெகு காலம் முன்பே லைன் கெட்டிருக்கலாம்.

கேபிள் போகும் வழி

அடுத்தது ஒரு தாள், ஒரு பேனா. ஸ்டேஷன்களை முகவரி வரிசையில் எழுதாமல், கேபிள் எந்த பானலிலிருந்து எந்த பானலுக்குப் போகிறதோ அந்த வரிசையில் எழுதுங்கள். ஏழாம் எண்ணுக்கு அடுத்து இருபத்திமூன்று வரலாம். ஒவ்வொரு துண்டின் நீளம், ரிப்பீட்டர் இருக்கும் இடம், எந்தக் கனெக்டரில் டெர்மினேஷன் சுவிட்ச் ஆனில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். பலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். பாதிப் பழுது இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு செக்மென்டில் ரிப்பீட்டரையும் சேர்த்து 32 ஸ்டேஷன்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வேகம் 1.5 மெகாபிட் என்றால் ஒரு செக்மென்டின் நீளம் 200 மீட்டர் வரை. 3 முதல் 12 மெகாபிட் வரை என்றால் 100 மீட்டர்தான். 187.5 கிலோபிட்டில் 1,000 மீட்டர் வரை போகலாம். லைன் போட்டபோது கணக்கு சரியாக இருந்திருக்கும். பிறகு ஒரு கன்வேயர், அதற்கு இரண்டு டிரைவ் என்று சேர்த்துச் சேர்த்து எல்லை தாண்டியிருக்கும். 1.5 மெகாபிட்டுக்கு மேல் ஓடும் லைனில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே குறைந்தது 1 மீட்டர் கேபிள் வேண்டும். ஒரே பானலில் பக்கத்துப் பக்கத்து டிரைவ்களுக்குச் சாண் நீளத்தில் கேபிள் வெட்டி, பார்க்க அழகாக வைத்திருந்தால் அந்த அழகைக் கலைத்துவிடுங்கள்.

இப்போது பதிவையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே ஸ்டேஷன்தான் விழுகிறது என்றால் முதலில் அதன் 24 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். சொலினாய்டு வால்வுகள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது பவர் சப்ளை சரிகிறதா என்று லோடு இருக்கும்போதே அளக்க வேண்டும். கேபிளில் ஓர் இடத்துக்கு அப்பால் உள்ள எல்லா ஸ்டேஷன்களும் சேர்ந்து விழுந்தால், அந்த இடத்துக் கனெக்டரில் லூஸ் இருக்கும், அல்லது ஒயர் முறிந்திருக்கும். ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் சந்தேகம் டெர்மினேஷன் மேலோ நாய்ஸ் மேலோ போக வேண்டும். கடைசி முனையில் டெர்மினேஷன் கெட்டால் அடி வாங்குவது நடுவில் இருக்கும் ஸ்டேஷனாகவும் இருக்கலாம். விழுந்த ஸ்டேஷனிலேயே பழுதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

டெர்மினேஷன்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். புரோஃபிபஸ் டெர்மினேஷன் 390, 220, 390 ஓம் என்று மூன்று ரெசிஸ்டர்கள் சேர்ந்தது. அது ஒழுங்காக வேலை செய்ய 5 வோல்ட் வேண்டும். அந்த வோல்டேஜ் கனெக்டர் மாட்டியிருக்கும் கருவியிலிருந்துதான் வருகிறது. லைனின் கடைசியில் ஒரு டிரைவ் இருந்து, யாராவது அதன் சப்ளையை ஆஃப் செய்தால், சுவிட்ச் ஆனில் இருந்தாலும் டெர்மினேஷன் அரைகுறையாகிவிடும். மற்ற ஸ்டேஷன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அவ்வப்போது தடுமாறும். ‘ராத்திரி ஷிஃப்டில் மட்டும் வருகிறது’ என்றால், ராத்திரியில் எந்த மெஷினை நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கருவியை அடிக்கடி ஆஃப் செய்யத்தான் வேண்டும் என்றால், தனி சப்ளையில் ஓடும் ஆக்டிவ் டெர்மினேட்டரை அந்த முனையில் போடுவதே நிரந்தர வழி.

மல்டிமீட்டர்

ஷட்டவுன் வாங்கி, லாக்அவுட் போட்ட பிறகு எல்லாக் கனெக்டர்களையும் கருவிகளிலிருந்து கழற்றுங்கள். கேபிளோடு அவை அப்படியே இருக்கட்டும். இரு முனைகளிலும் டெர்மினேஷன் ஆனில் இருக்க, ஒரு முனையில் 3-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் சுமார் 110 ஓம் வர வேண்டும். கேபிளின் ரெசிஸ்டன்ஸால் சில ஓம் கூடலாம். 220 என்றால் மறுமுனை டெர்மினேஷன் ஆஃபில் இருக்கிறது, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. அப்பால் போகும் கேபிளைத் துண்டிக்காத கனெக்டர்களில் 73 பக்கம் வந்தால் மூன்றாவதாக ஒன்று ஆனில் இருக்கிறது. பச்சை, சிவப்பு இரண்டு ஒயருமே ஷீல்டோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும்.

எண் சரியாக வந்தாலும் மீட்டரை எடுத்துவிடாதீர்கள். ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு கனெக்டரையும் கேபிள் வளையும் இடங்களையும் ஆட்டிப் பார்க்கட்டும். எண் துள்ளினால் இடம் கிடைத்தது. டிராக் செயினில் ஓடும் கேபிளை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். சாதாரண ஊதாக் கேபிளின் உள்ளே ஒற்றைக் கம்பிதான்; அதை அசையும் இடத்தில் போட்டால் உள்ளுக்குள் முறிந்து, ஒரு கோணத்தில் தொடும், மறு கோணத்தில் விடும். அங்கே பல இழைக் கம்பியுள்ள டிராக் செயின் கேபிள்தான் போட வேண்டும்.

பிறகு கருவிகளை மாட்டி, சப்ளை கொடுத்து, மாஸ்டரை மட்டும் கழற்றி வைத்து, ஒயர்களுக்கு இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். மாஸ்டரே ஒரு முனையில் இருந்தால் அந்த முனைக்கு 5 வோல்ட் வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். சிவப்பு ஒயர் பச்சையைவிட சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக இருந்தால் நல்லது. வெகுவாகக் குறைந்தால் ஏதோ ஒரு முனைக்கு 5 வோல்ட் போகவில்லை.

நாய்ஸ்

இங்கே மீட்டர் உதவாது, கண்தான் உதவும். மோட்டார் கேபிளும் புரோஃபிபஸும் ஒரே டிரேயில் ஒட்டிப் போகிறதா? பிரித்துவிடுங்கள், 400 வோல்ட் கேபிளிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர். குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். ஷீல்டைத் திரித்து வால் போல எர்த்தில் கட்டியிருந்தால் அது போதாது. பானலுக்குள் நுழையும் இடத்தில் ஷீல்டைச் சுற்றிலும் அணைக்கும் கிளாம்ப் வேண்டும். கான்டாக்டர் காயில்களில் டிசி என்றால் டயோடு, ஏசி என்றால் ஆர்சி ஸ்னப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஷீல்டின் இரு முனைகளும் எர்த் ஆகியிருந்து, இரண்டு கட்டடங்களின் எர்த் வேறுபட்டால் ஷீல்டு வழியே கரண்ட் ஓடும். அங்கே ஈக்விபொடென்ஷியல் கண்டக்டர் போடுங்கள், அல்லது அந்தத் துண்டை ஆப்டிகல் ஃபைபருக்கு மாற்றுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா? லைனைப் பாதியாக வெட்டுங்கள். சீமென்ஸ் கனெக்டரில் டெர்மினேஷனை ஆன் செய்தால் அதற்கு அப்பால் போகும் கேபிள் தானாகத் துண்டிக்கப்படும். ஒயரில் கை வைக்காமலே இதைச் செய்துவிடலாம். துண்டிக்கும் ஸ்டேஷன்கள் எல்லாம் நின்றுவிடும் என்பதால் புரொடக்‌ஷன் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். மாஸ்டரோடு ஓடும் பாதியில் பழுது வராவிட்டால் மறுபாதியைச் சேர்த்துப் பாருங்கள்.

வேகத்தை 1.5 மெகாபிட்டிலிருந்து 187.5 கிலோபிட்டுக்குக் குறைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. பழுது மறைந்தால் குற்றம் ஒயரிங் பக்கம் என்று ஏறக்குறைய உறுதி. மெதுவான சைக்கிள் நேரம் மெஷினுக்குப் போதுமென்றால் அந்த வேகத்திலேயே விட்டுவிட ஆசை வரும். அடுத்த ஷட்டவுன் வரை விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பழுது பிடிபட்டதும் ஓபி86 பதிவை அழிக்காமல் ஒரு மாதமாவது ஓட விடுங்கள். வரைந்த தாளைத் திருத்திப் பானல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எந்த இரண்டு கனெக்டர்களில் டெர்மினேஷன் ஆனில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அதில் சிவப்பில் இருக்கட்டும்.