மழை காக்கும் துறைமுகம்

நுழையும்முன்

ஓர் ஊரின் தொன்மையைக் கல்லிலும் செம்பிலும் தேடுவது வழக்கம். மரத்திலேயே தன் வரலாற்றைப் பொதிந்து வைத்திருக்கும் துறைமுக நகரம் ஒன்று ஐரோப்பாவின் வடமேற்குக் கரையில் உள்ளது. நெருப்பு அதனைப் பலமுறை அழித்தது. மழையோ ஓயாது நனைத்தது. நனைத்த மழையே அந்நகரின் தொன்மையைக் காக்கும் துணையாகவும் அமைந்தது. அந்நகருக்குச் செல்லும் பயணி எவற்றைக் காண வேண்டும், அவற்றை எவ்வாறு காண வேண்டும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மழையின் ஊர்

நார்வே நாட்டின் மேற்குக் கடற்கரையில் அமைந்த நகரம் பெர்கன். தலைநகரான ஆஸ்லோவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுவே. ஏறத்தாழ 2.9 இலட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். கடல் உள்வாங்கிய குடாவின் கரையில், மலைகள் சூழ அமைந்திருப்பதால் இதனை ‘ஏழு மலைகளின் நகரம்’ என்பர். அம்மலைகளுள் உயர்ந்தது 643 மீட்டர் உயரமுடைய உல்ரிக்கன்.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மழையாகப் பொழிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை தருவதும் இம்முறையில்தான். பெர்கன் ஆண்டுக்கு 2200 மில்லிமீட்டருக்கும் மிகுதியான மழையைப் பெறுகிறது. சென்னை பெறும் மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அளவைவிட மழை பெய்யும் முறையே பெரிதும் வேறுபடுகிறது. சென்னையின் மழையில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பெர்கனிலோ பருவம் என்ற வரம்பின்றி, ஆண்டில் ஏறக்குறைய 200 நாள்கள் மழை பெய்கிறது. 2006ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் தொடங்கிய மழை, ஒரு நாளும் இடைவெளி விடாமல் 85 நாள்கள் நீடித்ததை அந்நகர மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

மழை கண்டு அம்மக்கள் வீட்டுக்குள் முடங்குவதில்லை. கடற்காற்று குடையை மடக்கிவிடும் என்பதால் மழையங்கியையும் நீண்ட காலணியையும் அணிந்து வெளியே செல்கின்றனர். கெட்ட வானிலை என்று ஒன்றில்லை. பொருந்தாத உடைதான் உண்டு என்னும் பொருள்பட நார்வே நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பெர்கனுக்குச் செல்லும் பயணி முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே. வெயிலுக்காகக் காத்திருப்பவர் அந்நகரைக் காண இயலாமலே திரும்ப நேரும்.

கருவாட்டால் வளர்ந்த வணிகம்

பெர்கன் நகரை 1070ஆம் ஆண்டில் ஓலாவ் கீரே என்னும் மன்னர் நிறுவினார் என்பது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது நார்வே அரசின் தலைமை நகராக விளங்கியது. ஹோக்கன் ஹோக்கன்சன் என்னும் மன்னர் எழுப்பிய கல்மண்டபம் இன்றும் துறைமுக வாயிலில் நிற்கிறது. 1261இல் அவர் மகன் மாக்னுஸின் திருமணமும் முடிசூட்டு விழாவும் அம்மண்டபத்தில் நடைபெற்றன.

அரசைவிட அந்நகரை வளர்த்தது வணிகமே. அவ்வணிகத்தின் உயிர்ப்பொருள் கருவாடு. வடக்கே, லொபோத்தன் தீவுகளையொட்டிய கடலில் குளிர்காலத்தில் ‘காட்’ என்னும் மீன்கள் பெருந்திரளாக வரும். மீனவர்கள் அவற்றைப் பிடித்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே உலர்த்தினர். இக்கருவாட்டுக்கு உப்பு இடுவதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிரும் இடையறாத காற்றுமே அதனைக் கெடாமல் உலர்த்திவிடும். பல ஆண்டுகள் வைத்திருந்து உண்ணத்தக்க இவ்வுணவை, இறைச்சி உண்ணாத நோன்பு நாள்கள் பலவற்றைக் கடைப்பிடித்த அக்கால ஐரோப்பியக் கிறித்தவர்கள் விரும்பி வாங்கினர்.

வட நார்வேயில் தானியம் போதுமான அளவு விளையவில்லை. எனவே, வடக்கிலிருந்து படகுகளில் கருவாடு பெர்கனுக்கு வந்தது. பெர்கனிலிருந்து தானியம் வடக்கே சென்றது. இவ்விரு சரக்குகளுக்கும் நடுவில் நின்றவர்கள் ஜெர்மானிய வணிகர்கள். வட ஐரோப்பிய வணிக நகரங்கள் பல இணைந்து உருவாக்கிய ஹன்சா கூட்டமைப்பு, 1360ஆம் ஆண்டளவில் பெர்கனில் தன் வணிக நிலையத்தை நிறுவியது. இலண்டன், புரூகஸ், நோவ்கோரத் ஆகியன அக்கூட்டமைப்பின் பிற பெரும் வெளிநாட்டு நிலையங்கள்.

வணிகர்கள் மீனவர்களுக்குத் தானியத்தையும் பிற பொருள்களையும் கடனாக வழங்கினர். அடுத்த ஆண்டின் மீனே அக்கடனுக்கு ஈடு. கடன்பட்ட மீனவர் தம் மீனைக் கடன் தந்த வணிகரிடமே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. இவ்வாறு, கடலில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் தலைமுறை தலைமுறையாகக் கடனாளியாக வாழ்ந்தார். இன்று வண்ணப்படங்களில் அழகாகத் தோன்றும் வணிகக் கட்டடங்களின் பின்னே இவ்வுழைப்பாளரின் வரலாறும் உள்ளது.

நெருப்புக்கு அஞ்சிய வீடுகள்

ஜெர்மானிய வணிகர் வாழ்ந்த பகுதியின் பெயர் பிரிக்கன். கப்பல் வந்தணையும் மேடை என்பது அச்சொல்லின் பொருள். கூரிய முகடுகளோடு, சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் பூசப்பெற்ற மரவீடுகள் கடலை நோக்கி வரிசையாக நிற்கின்றன. முகப்பைக் கண்டு நிறைவடையும் பயணி பாதியையே காண்கிறார். வீடுகளுக்கு இடையில் மரப்பலகை பரப்பிய குறுகிய சந்துகள் உள்ளே நீளுகின்றன. அவற்றின் இருபுறமும் பண்டகசாலைகளும், சரக்கை மேலேற்றும் உருளைகளும், வெளிப்புறப் படிக்கட்டுகளும் காணப்படுகின்றன.

இவ்வீடுகளில் அடுப்பு கிடையாது. மரமும் உலர்ந்த சரக்கும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தாலும் நகரமே எரிந்துவிடும் என்பதால் வீடுகளுக்குள் தீ மூட்டுவது தடைசெய்யப்பட்டிருந்தது. சமைக்கவும் குளிர்காயவும் பின்புறத்தில் தனிக் கூடங்கள் இருந்தன. வணிகர்களும் பணி பழகும் இளைஞர்களும் அங்குக் கூடி உண்டனர். நீண்ட குளிர்கால மாலைகளைக் கழித்தனர். நிலையத்தைச் சேர்ந்தோர் மணம் புரிந்துகொள்ளவும் தடை இருந்தது. விலைமதிப்புடைய பொருள்களைக் காக்கக் கல்லறைகள் போன்ற தடித்த சுவர்களையுடைய கல்கட்டடங்கள் பின்புறத்தில் எழுப்பப்பட்டன.

இத்தனை காவலையும் மீறி நெருப்பு வென்ற காலங்கள் உண்டு. 1702ஆம் ஆண்டுத் தீயில் நகரின் பெரும்பகுதியோடு பிரிக்கனும் எரிந்தது. மக்கள் புதுமுறையில் கட்ட முனையவில்லை. பழைய அடித்தளங்களின்மேல், பழைய மனைவரம்பிலேயே, பழைய தச்சு முறையைப் பின்பற்றி மீண்டும் எழுப்பினர். எனவே, இன்று காணும் வீடுகளின் வயது ஏறத்தாழ 300 ஆண்டுகளாயினும் அவற்றின் அமைப்பு இடைக்காலத்தைச் சேர்ந்தது.

சாம்பலுக்கு அடியில் எழுத்துகள்

இரண்டாம் உலகப்போரின்போது, 1944 ஏப்ரல் 20 அன்று வெடிபொருள் ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்தது. 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஹோக்கன் மண்டபத்தின் கூரை எரிந்தது. பிரிக்கன் வீடுகளும் சேதமடைந்தன. பின்னர், 1955ஆம் ஆண்டு நிகழ்ந்த தீவிபத்தில் பிரிக்கனின் வடபகுதி முற்றிலும் அழிந்தது. சாய்ந்தும் சிதைந்தும் நின்ற எஞ்சிய வீடுகளையும் இடித்துவிட்டுப் புதிய கட்டடங்களை எழுப்ப வேண்டும் என்ற குரல்கள் அக்காலத்தில் ஒலித்தன.

எரிந்த நிலத்தில் தொல்லியலாளர் அஸ்பியோர்ன் ஹெர்த்தைக் தலைமையில் அகழாய்வு தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த அப்பணியில், அடுக்கடுக்கான பழைய துறைமேடைகளும் கட்டட அடித்தளங்களும் வெளிப்பட்டன. அறிஞர் உலகைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியவை, ‘ரூன்’ என்னும் பண்டை எழுத்துகள் பொறித்த மரக்குச்சிகளே. இத்தகைய பொறிப்புகள் 500க்கும் மேல் கிடைத்தன. சரக்கின் உரிமையாளர் பெயர், வணிகச் செய்தி, வேண்டுதல், காதல் மொழி எனப் பலவும் அவற்றில் உள்ளன. வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு பெண் அனுப்பிய செய்தியும் அவற்றுள் ஒன்று. ரூன் எழுத்துகள் நினைவுக்கற்களுக்கு மட்டும் உரியன அல்ல. நகரத்தின் எளிய மக்கள் இடைக்காலத்தின் பிற்பகுதியிலும் அவற்றை அன்றாடம் எழுதினர் என்னும் உண்மையை இக்குச்சிகள் நிலைநாட்டின.

நிலத்தின் அடியில் இருந்தது என்ன என்பதை அறிந்தபின், நிலத்தின்மேல் எஞ்சியதன் மதிப்பும் புலனாயிற்று. பிரிக்கனைக் காக்க 1962இல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. எஞ்சிய 62 கட்டடங்களைக் கொண்ட அப்பகுதியை 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தாழும் நிலமும் தாங்கும் நீரும்

பெயர் பட்டியலில் இடம்பெற்றதோடு இடர் நீங்கிவிடவில்லை. பிரிக்கனின் அடித்தளம் மரத்தாலும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணாலும் ஆனது. நீரில் முழுவதும் மூழ்கியிருக்கும் மரத்தை உயிர்வளி எளிதில் அணுகாது. எனவே அது விரைவில் மட்குவதில்லை. நிலத்தடி நீர் வற்றினாலோ, காற்று உட்புகுந்து மட்குதல் தொடங்கிவிடும். 1955இல் எரிந்த பகுதியில் பின்னாளில் எழுந்த புதிய கட்டடத்தின் அடித்தள அமைப்பால், அருகிலிருந்த நிலத்தடி நீர் வடிந்து மட்டம் தாழ்ந்தது. நிலம் சிறிது சிறிதாக அமிழ, வீடுகளும் அதனோடு தாழ்ந்தன.

வல்லுநர்கள் அதற்கான தீர்வை வானிலிருந்தே பெற்றனர். கூரைகளிலும் தெருக்களிலும் விழும் மழைநீரைச் சாக்கடையில் கலந்து கடலுக்குள் விடாமல், புல்வெளித் தாழ்வுகள் வழியாகவும் நீர் புகும் தளங்கள் வழியாகவும் மண்ணுக்குள் செலுத்தினர். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. நிலம் தாழும் வேகம் குறைந்தது. மழைநீர்ச் சேகரிப்பைக் குடிநீருக்காகக் கற்ற நமக்கு, அது வரலாற்றையும் காக்கும் என்பதைப் பெர்கன் கற்பிக்கிறது.

மழையைக் கணித்த அறிவு

மழையோடு வாழ்ந்த நகரில் மழையை ஆராயும் அறிவு வளர்ந்தது பொருத்தமே. 1917இல் வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்னும் இயற்பியல் அறிஞர் பெர்கனுக்கு வந்து புவி இயற்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. அண்டை நாடுகளின் வானிலைச் செய்திகள் கிடைக்கவில்லை. உணவுத் தட்டுப்பாடும் நிலவியது. உழவர்க்கும் மீனவர்க்கும் நம்பத்தக்க முன்னறிவிப்பு இன்றியமையாததாயிற்று. கடற்கரை நெடுகிலும் வானிலையை நோக்கும் நிலையங்களை அவர் பெருக்கினார்.

அவ்வாறு திரண்ட செய்திகளை ஆராய்ந்த அவருடைய மகன் ஜேக்கப் பியர்க்னஸும் உடன்பணியாற்றிய இளைஞர்களும், குளிர்காற்றுத் திரளும் வெப்பக்காற்றுத் திரளும் எதிர்ப்படும் எல்லையில் மித வெப்ப மண்டலப் புயல்கள் உருவாவதை விளக்கினர். போர்முனையை நினைவூட்டும் வகையில் அவ்வெல்லைக்கு ‘முகப்பு’ எனப் பெயரிட்டனர். இன்றைய வானிலை வரைபடங்களில் வளைந்து செல்லும் கோடுகள் அவ்வாய்வின் பயன்களே.

மழைநாளில் காணத்தக்க மற்றோர் இடம், புனித ஜார்ஜ் மருத்துவமனை. இடைக்காலம் முதல் தொழுநோயாளர் வாழ்ந்த அவ்விடம் இன்று அருங்காட்சியகம். இந்நகரில் பணியாற்றிய ஹான்சன் என்னும் மருத்துவரே 1873இல் தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். நோய் பரம்பரையாக வருவது என்றும் சாபம் என்றும் கருதியிருந்த உலகுக்கு அக்கண்டுபிடிப்பு புதுத்தெளிவு தந்தது. மழை ஓய்ந்த பொழுதில், 1918 முதல் இயங்கும் மலையேறும் தொடர்வண்டியில் சென்றால், சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்திலிருந்து நகரையும் துறைமுகத்தையும் ஒருசேரக் காணலாம்.

பயணியின் பொறுப்பு

கோடையில் பெரும் சுற்றுலாக் கப்பல்கள் பெர்கனை நாடி வருகின்றன. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் குறுகிய மரச்சந்துகளில் நிறைகின்றனர். சுற்றுலா ஊருக்கு வருவாய் தருகிறது. அவ்வருவாயில் ஒரு பங்கு பழமையைக் காக்கவும் உதவுகிறது. ஆயினும், அளவு மீறிய கூட்டம் பழைய மரத்தளத்துக்கும் அங்கு வாழ்வோரின் அமைதிக்கும் சுமையாகிறது. எனவே, நாள்தோறும் வரும் கப்பல்களின் எண்ணிக்கையை நகர ஆட்சி வரையறுத்துள்ளது.

தச்சர்கள் இன்றும் பிரிக்கனில் பழைய முறையிலேயே மரத்தைச் செதுக்கிப் பொருத்துகின்றனர். ஒரு வீட்டின் மட்கிய பகுதியை மட்டும் நீக்கி, நல்ல பகுதியை அப்படியே நிறுத்துவது அவர்களின் நெறி. பொறுமையாக நடந்து, கைபடாது கண்டு, மரத்தின் வயதையும் மனிதரின் உழைப்பையும் உணர்ந்து திரும்பும் பயணியும் அக்காவற்பணியில் பங்குகொள்பவரே ஆவார்.

தெரிந்து தெளிவோம்

பெர்கன் உயர்வடக்கில் அமைந்திருப்பினும் அதன் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் நார்வேயின் கரையை இதமாக வைத்திருப்பதே காரணம். ஆண்டு முழுவதும் கப்பல்கள் வந்து செல்ல இவ்வியற்கை வளம் துணைபுரிந்தது.

கற்பவை கற்றபின்...

1. பிரிக்கன் பகுதிக்கு நெருப்பும் நீரும் செய்தவற்றை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. ‘வணிகத்தின் செழிப்பும் மீனவரின் கடனும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரிலுள்ள பழமையான கட்டடம் ஒன்றைக் கண்டு, அது எப்பொருளால் கட்டப்பட்டது, எதனால் சிதைகிறது, எவ்வாறு காக்கலாம் என்பனவற்றைக் குறிப்புகளாகத் தொகுக்க.