நாணயச் சங்கமும் நிர்வாகச் செலவும்

உழவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் தோன்றியவை கூட்டுறவு நாணயச் சங்கங்கள். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் அமைப்பது பற்றி ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895, 1897-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் அறிக்கையில் ஜெர்மனியின் ரெய்பைசன் சங்கங்களைச் சிறப்பாக எடுத்துக்காட்டினார். அச்சங்கங்களின் எல்லை சிறிது. நிர்வாகக் குழுவினர் ஊதியமின்றி உழைத்தனர். ஆகவே செலவும் சிறிதாயிற்று. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது.

இன்று சங்கத்திற்கு ஊதியம் பெறும் செயலாளர், எழுத்தர், பாதுகாப்பு அறை, கணினி ஆகிய யாவும் வேண்டும். வணிக வங்கியின் கிளையும் நகைக்கடன் நிறுவனமும் அருகிலேயே இருக்கின்றன. இப்போட்டியில் சங்கம் நிலைபெறுவது எவ்வாறு?

செலவை அளக்கும் முறை

உதாரணமாக, ரூ.2 கோடி கடன் கொடுத்துள்ள ஒரு சங்கத்தைக் கொள்வோம். அதற்குத் திரட்டிய பணத்திற்கு அது 7 சதவீதம் வட்டி தருகிறது. கடனுக்கு 10 சதவீதம் பெறுகிறது. இடையில் நிற்பது ரூ.6 லட்சம். நிர்வாகச் செலவு ரூ.5 லட்சமானால் எஞ்சுவது ரூ.1 லட்சமே. நூறு ரூபாய்க் கடனுக்குச் செலவு ரூ.2.50 ஆகிறது.

கடன் ரூ.3 கோடியாக உயர்ந்து, செலவு ரூ.5.50 லட்சத்தில் நின்றால், நூற்றுக்குச் செலவு ஏறத்தாழ ரூ.1.83 ஆகக் குறையும். வாடகையும் சம்பளமும் கடன் தொகையோடு சமமாக ஏறுவதில்லை; இதுவே காரணம். எனவே செலவைக் குறைக்கும் நேர்வழி, உள்ள ஊழியரைக் கொண்டே நல்ல கடனைப் பெருக்குவதாகும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

மேற்கூறிய ரூ.2 கோடியில் ரூ.10 லட்சம் ஓராண்டு வட்டியின்றி முடங்கினால், ரூ.1 லட்சம் வருவாய் போய்விடும். ஆண்டின் மிச்சம் முழுவதும் மறையும். திரட்டிய பணத்திற்கோ வட்டி கொடுத்தே தீரவேண்டும். தவணை தவறும் முன்னரே கடன்தாரரை அணுகுவது, பின்னர் வழக்காடுவதைவிட மலிவு.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் சுமார் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. ஆயினும் கணினியில் பதிந்ததையே பேரேட்டிலும் தேவையின்றி எழுதிவந்தால் உழைப்பு இரட்டிக்குமேயன்றிக் குறையாது.

குறைக்கலாகாதவை

தணிக்கை, பெட்டகப் பாதுகாப்பு, நகை மதிப்பீடு, ஊழியர் பயிற்சி ஆகியவற்றில் கை வைத்தல் சிக்கனமன்று. வணிக வங்கிகளின் வைப்புகளுக்குள்ள காப்பீடு தொடக்கச் சங்கங்களின் வைப்புகளுக்கு இல்லை. நம்பிக்கையே அவற்றின் மூலதனம். அது குலைந்தால் வைப்பு வெளியேறும், உழவர் மீண்டும் கந்துவட்டிக்காரரின் வாயிலில் நிற்க நேரிடும்.

ஆகவே ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்குச் செல்லும் ஒவ்வோர் அங்கத்தினரும் இலாபத்தொகையை மட்டும் கேட்டுத் திரும்பலாகாது. “நூறு ரூபாய்க் கடனுக்கு நாம் செய்யும் செலவு எவ்வளவு? சென்ற ஆண்டு எவ்வளவு?” என்று வினவ வேண்டும். அவ்விரு எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும் சங்கம், தன் குறையைக் காலத்தே கண்டு திருத்திக்கொள்ளும்.