நிக்காஹ் பதிவைத் தேடும் முறை



கடை வைத்திருக்கும் நம்மவர், பத்து வெள்ளிச் சாமான் கடனுக்குப் போனாலும் தேதியும் பேரும் போட்டு ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் தம்முடைய நிக்காஹ் எந்த ஊரில், எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான். கடனுக்கே அவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு பெண்ணின் மஹரும் வாரிசுரிமையும் பிள்ளைகளின் நசபும் அடங்கிய காரியத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் இவை முறையாக இருந்தால் நிக்காஹ் நிறைவேறிவிடுகிறது. பதியவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் அது செல்லாமற் போவதில்லை. மலேசியாவின் இஸ்லாமியக் குடும்பச் சட்டங்களும் இதையே சொல்கின்றன. பின் காகிதம் எதற்கு? உரிமையைக் கேட்கும் நாளில் நிரூபிப்பதற்கு. கணவன் மௌத்தாகிவிட்டால், பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்றும், இல்லாவிட்டால் நாலில் ஒன்றும் மனைவியின் பங்கு. தான் மனைவி என்று காட்ட முடியாதவள் அந்தப் பங்கை எப்படிப் பெறுவாள்? பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். மலேசிய அரசியல் சட்டப்படி, பெற்றோரின் திருமணம் நிரூபணமாகாத பிள்ளை குடியுரிமைக் காரியத்தில் தகப்பனைச் சேராமல் தாயையே சேரும். தாய் ஊரிலிருந்து வந்தவளாயின், இங்கே பிறந்த பிள்ளையும் அந்நியப் பிரஜையாகிவிடும் ஆபத்து உண்டு.

ஆகவே பதிவைத் தேடும் வழியை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்திருப்பது அவசியம். முதல் விதி ஒன்றே. நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதல்ல, நிக்காஹ் எங்கே ஓதப்பட்டது என்பதே முக்கியம். புத்தகம் அந்த இடத்தைச் சேர்ந்தது.

மலேசியாவில் முஸ்லிம்களின் திருமணப் பதிவு மாநிலங்களின் பொறுப்பு. பஹாங்கில் 1956-ஆம் வருஷத்துச் சமய நிர்வாகச் சட்டம் முன்பு இருந்தது. 2005-இல் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இயற்றப்பட்டது. பேராவுக்கும் பினாங்குக்கும் தனித்தனிச் சட்டமும் சமய இலாகாவும் உண்டு. நமது தானா ராத்தாவுக்கு இதில் ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. கேமரன் மலை பஹாங்கைச் சேர்ந்ததானாலும், 1931-இல் திறந்த பாதை பேராவிலுள்ள தாப்பாவிலிருந்துதான் ஏறுகிறது. நெடுங்காலம் நமக்கு அது ஒன்றே வழி. ஆகையால் மலையில் குடியிருந்தவர் தாப்பாவிலோ ஈப்போவிலோ சொந்தக்காரர் வீட்டில் நிக்காஹ் வைத்திருந்தால், அந்தப் பதிவு பேராவில் இருக்கும். பஹாங்கில் எத்தனை தரம் கேட்டாலும் கிடைக்காது. மலையிலேயே நடந்திருந்தாலும், 1980-களின் தொடக்கம் வரை கேமரன் மலை லிப்பிஸ் மாவட்டத்தின் உட்பகுதி என்பதை மறக்கலாகாது. பழைய பதிவு லிப்பிஸ் பேரில் இருக்கக்கூடும். இங்குள்ள மாவட்டச் சமய அலுவலகத்தில் இல்லையென்றால், ‘பதிவே இல்லை’ என்று திரும்பிவிடாமல் லிப்பிஸிலும் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவுக்கும் இதே விதிதான். அங்கே நிக்காஹ் தப்தர் மஹல்லாப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் கையில் இருக்கும். மணமகன், வலீ, சாட்சிகளின் கையொப்பமும் மஹர்த் தொகையும் அதில் காணலாம். வழக்கப்படி பெண் வீட்டு ஊரில் நிக்காஹ் நடந்திருந்தால், மாப்பிள்ளை ஊர்ப் பள்ளியில் தேடுவது வீண். ஜமாஅத்திடம் தப்தர் நகல் வாங்கி, முதவல்லியின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, பின்பு மாவட்ட அரசு காஜியிடம் அத்தாட்சி கேட்கலாம். காஜி நியமனத்துக்கு இந்தியாவில் 1880-ஆம் வருஷத்துச் சட்டமே ஆதாரம். ஆனால் நிக்காஹ்வுக்குக் காஜி வந்தே ஆகவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆகையால் காஜியிடம் பதிவில்லை என்பதற்காக ஜமாஅத் தப்தரை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அதற்குப் பின் நடந்த எந்த மதத்தவர் திருமணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். அப்படிப் பதிந்தவர்கள் நகலை அங்கேயே கேட்கலாம்.

ஜில்லாப் பெயர் மாறியதையும் கவனிக்க வேண்டும். பழைய காகிதத்தில் இளையான்குடி ராமநாதபுரம் ஜில்லா என்றிருக்கும். 1985 முதல் அது சிவகங்கை. கூத்தாநல்லூர் தஞ்சாவூர் ஜில்லா என்றிருக்கும், இப்போது திருவாரூர். கடையநல்லூர் திருநெல்வேலி என்றிருக்கும். 2019 முதல் தென்காசி. காகிதத்தில் கண்ட பழைய பெயரையும் இப்போதைய பெயரையும் மனுவில் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது பேர். மலாய் நாட்டின் பழைய பதிவுகளில் ஜாவி எழுத்து மிகுதி. ஜாவியில் ழகரமோ ளகரமோ இல்லை. எல்லாம் லாமில் அடங்கிவிடும். உயிர்க்குறிகளும் பெரும்பாலும் விடுபடும். அடையாளக் கார்டில் ‘மைதீன்’ என்றிருப்பவர் பதிவில் ‘முஹையித்தீன்’ என்றிருக்கலாம். ‘ராவுத்தர்’, ‘மரைக்காயர்’ என்ற ஒட்டு ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமற் போகலாம். மதரஸாவில் ஓதியவர் யாரையாவது பேரை அரபு எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தரச் சொல்லி, அதை உடன் கொண்டுபோனால் தேடுவோருக்கு எளிது. கிடைத்த காகிதத்தில் பேர் பிசகாக இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். இரண்டு பேரும் ஒருவரே என்று, 1960-ஆம் வருஷத்துச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி ஆணையர் முன் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொள்வதே முறை.

தேதியிலும் கணக்கு உண்டு. தப்தரில் ஹிஜ்ரி மட்டும் இருக்கலாம். ஹிஜ்ரி வருஷம் ஆங்கில வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1380 என்றால் 1960 ஜூனில் தொடங்கி 1961 ஜூனில் முடிந்தது. மாதம் தெரியாமல் ஒரே ஆங்கில வருஷத்தை எழுதினால் தேடுபவர் பாதிப் புத்தகத்தை விட்டுவிடுவார். பிறை கண்ட வித்தியாசத்தால் ஒருநாள் முன்பின் வருவதும் சகஜம்.

மனு எழுதும்போது கதை வேண்டாம். கணவன் மனைவி இருவர் பேரும் தகப்பனார் பேரும், பழைய புதிய அடையாளக் கார்டு எண்கள், நிக்காஹ் நடந்த ஊர், பள்ளி அல்லது வீடு, தேதி, வலீயின் பேர், சாட்சிகள் பேர், ஓதிவைத்த காதி அல்லது இமாம் பேர், நகல் எதற்கு வேண்டும் என்பது, இவ்வளவு போதும். தெரியாததைத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள்; யூகத்தை நிச்சயம்போல் எழுதினால் தேடுதல் தப்பாகிவிடும். சர்ட்டிபிகேட் தொலைந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவின் பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

எங்கும் பதிவு இல்லையென்றால் வழி அடைபட்டுவிடவில்லை. ஷரீஅத் நீதிமன்றத்தில் நிக்காஹ்வை உறுதிப்படுத்தக் கோரி விண்ணப்பிக்கலாம். அங்கே சாட்சிகளின் வாய்மொழி பெரிதும் உதவும். அந்தச் சாட்சிகளுக்கோ இன்று வயதாகிவிட்டது. தாமதம் நமக்கே நஷ்டம். இங்கே நிலையாக வசிப்போர் ஊருக்குப் போய் நிக்காஹ் செய்தால், ஆறு மாதத்துக்குள் பதியச் சட்டம் சொல்கிறது. இதையும் நம் வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தோட்டங்களிலுள்ள இந்துச் சகோதரர்கள் நம்மிடம் விசாரித்தால் சமய இலாகாவுக்கு அனுப்பாதீர்கள். முஸ்லிமல்லாதார் திருமணம் தேசியப் பதிவிலாகாவைச் சேர்ந்தது. அவர்களுக்கான 1976-ஆம் வருஷத்துச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பு வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களையும் அச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

சகோதரர்களே, இந்த வாரமே வீட்டில் ஒரு காகிதத்தில் உங்கள் நிக்காஹ்வின் ஊர், பள்ளி, தேதி, வலீ, சாட்சிகள் பேரை எழுதி, சர்ட்டிபிகேட்டின் நகலோடு வையுங்கள். உம்மா வாப்பாவின் விவரத்தையும், அவர்கள் ஹயாத்தாக இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அது எங்கே இருக்கிறதென்று வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நாளை அதைத் தேடவேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வஸ்ஸலாம்.