முப்பது வீடும் ஒரு நோட்டும்

குமரி மாவட்டத்தில் அன்பியங்களின், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுக்களின், பொறுப்பாளர்கள் நாலு பேர் கூடினால் ஒரே புலம்பல்தான்: "ஆட்கள் வரமாட்டேங்கிறாங்க, என்ன செய்ய?" சி.எஸ்.ஐ. சேகரங்களில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு வருவது பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் தினமும் கோயிலில் பார்க்கிற அதே முகங்கள்.

வராத வீட்டு வாசலில் நாம் இதுவரை எதற்கெல்லாம் போய் நின்றிருக்கிறோம் என்று முதலில் யோசியுங்கள். திருவிழா வரி, கோயில் கட்டட நிதி, அசன விருந்துக்கு அரிசி, பத்து நாள் திருவிழாவில் நம் அன்பியத்துக்கு ஒதுக்கிய நாளின் செலவு. அன்பியத்தை இப்படியே பார்த்துப் பழகிய வீடு, நம் குரலைக் கேட்டதும் கதவைத் திறக்கும் முன் பர்ஸைத்தான் தேடும். வசூலுக்கு வேறு குழு வையுங்கள். பங்குப்பேரவையில் இந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினாலே பாதி வேலை முடிந்தது. பேரவையில் எதிர்ப்பு வரும், ஏனென்றால் அன்பியங்களைவிட வசதியான வசூல் ஏற்பாடு எந்தப் பங்கிலும் கிடையாது. அப்படியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குருவானவர் பக்கத்தில் இல்லாமலே வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1544-ல் சவேரியார் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தபோது, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போனார். ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் ஊர் விவரத்தைக் கையில் வைத்திருப்பதும் அவர்கள் பொறுப்பு. 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, மயிலாடியை மையமாக வைத்துப் பணி செய்து பத்தே ஆண்டில் கிளம்பினார். அடுத்த மிஷனரி வந்து சேரும்வரை சபைகளைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கம் என்கிற உள்ளூர்க்காரர். நம் காலத்தில், கோட்டாறு மறைமாவட்டத்தில் முப்பது வீட்டுக்கு ஓர் அன்பியம் என்கிற கணக்கு வேரூன்றியதில் அருட்பணியாளர் எட்வினின் உழைப்பு பெரிது. அதே முப்பது வீட்டுக் கணக்கை வைத்துத்தான் பிறகு குழந்தைகள் பாராளுமன்றங்களும் பரவின. பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் போன பிறகும் நடக்கிற ஏற்பாடாக இருந்தால்தான் அது அன்பியம்.

எல்லை பிரிப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டைகளை மேசையில் அடுக்கி, முப்பது முப்பதாக எண்ணிக் கட்டுப்போட்டால் காகிதத்தில் அழகாக இருக்கும். நடந்து பார்த்துப் பிரியுங்கள். குளச்சல், முட்டம், தூத்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவராக இருப்பதால் இரண்டு முடுக்கு சேர்ந்தாலே ஓர் அன்பியம் ஆகிவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒவ்வொரு வீடும் தனித்தனி விளைக்குள் இருக்கும். வரைபடத்தில் அடுத்தடுத்துத் தெரிகிற இரண்டு வீட்டுக்கு நடுவே சானலோ மேடோ கிடக்கும், சுற்றிப் போனால் கால் மணி நேரம் ஆகும். நான் சொல்லும் அளவுகோல் இது: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு வீட்டில் அலறல் கேட்டால் யார் யார் ஓடி வர முடியுமோ, அவர்கள் ஒரே அன்பியம்.

இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் இன்னொரு கசப்பும் வெளியே வரும். சில பங்குகளில் அன்பிய எல்லை சந்து பொந்தெல்லாம் வளைந்து, ஒரே குடும்பக்காரர்களை, ஒரே சாதிக்காரர்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கும். "அவங்களுக்குள்ளே ஒத்துப்போகும், அதான்" என்று விளக்கம் சொல்வார்கள். அப்படி வரைந்த கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். பக்கத்து வீட்டைத் தாண்டிப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் கூடி ஜெபிப்பதற்குக் குடும்பக் கூட்டம் போதும், அன்பியம் எதற்கு?

அடுத்து நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் பெயர், வயது, வெளிநாட்டிலோ கடலிலோ இருப்பவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், மாதாமாதம் மருந்து வாங்குகிறவர் யார், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களையும் விடாதீர்கள். தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிகளும் உங்கள் முப்பது வீட்டுக்குள்தான் வருகிறார்கள்.

இப்படி ஒரு நோட்டின் அருமை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடற்கரைக்குத் தெரிந்தது. எந்தப் படகில் எத்தனை பேர், யார் யார் என்று அரசு அலுவலகங்களிடம் சரியான கணக்கு இல்லை. காணாமற்போனவர்களின் பட்டியலைப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகக் கேட்டுத்தான் எழுதின. அந்தக் கணக்கு புயலுக்கு முன்பே நம் கையில் இருக்கவேண்டாமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோட்டு பொறுப்பாளர் ஒருவர் கையில் மட்டுமே இருக்கட்டும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள் என்றால் அன்றோடு எல்லாக் கதவும் மூடிவிடும். யாருக்குக் கடன் இருக்கிறது, யார் மகள் வீட்டோடு வந்துவிட்டாள் என்பதெல்லாம் அதில் எழுதுகிற சங்கதி அல்ல. தெரிந்தால் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் கூட்டமே வைக்காதீர்கள். வீடுகளைப் பார்த்து வாருங்கள், அது போதும். இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மூத்தவர், ஒருவர் இளவட்டம் என்று சேர்த்து அனுப்புவது நல்லது. கையில் நன்கொடை ரசீதுப் புத்தகமும் கூடாது, துண்டுப் பிரசுரமும் கூடாது. "என்னக்கா, ரெண்டு வாரமா கண்ணுலயே படல, முட்டுவலி எப்படி இருக்கு?" என்று தொடங்கினால் போதும், மீதியை அந்த அக்காவே சொல்வார். முன்கோபக்காரப் பெரியப்பா ஒருவர் எல்லா முடுக்கிலும் இருப்பார். "கோயில்காரங்க எனக்கு என்ன செஞ்சீங்க?" என்று அவர் கேட்பதை உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டாம்.

கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது ஊரின் தொழிலைப் பாருங்கள். குலசேகரம், அருமனை பக்கம் பால்வெட்டுத் தொழிலாளி விடியும் முன் ரப்பர் தோட்டத்தில் நிற்க வேண்டும், ராத்திரி ஒன்பது மணி ஜெபத்துக்கு அவர் வரமாட்டார். மீன் விற்கப் போகிற அம்மாமார் எப்போது வீடு திரும்புவார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். தூத்தூர் வட்டாரத்தில் ஆழ்கடலுக்குப் போகும் ஆண்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அங்கே அன்பியத்தை நடத்துகிறவர்கள் பெண்கள்தான். நடத்துவதோடு நிறுத்தாமல், பொறுப்பாளர் என்ற பெயரையும் கையெழுத்துப் போடும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஆண்களுக்கான பயிற்சியை விசைப்படகுத் தடைக்காலத்தில் வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாவட்டம் இரண்டு கரைக்கும் சொந்தமானது, அதனால் உங்கள் படகுகள் எந்தத் தடையின் கீழ் வருகின்றன என்று பார்த்து நாள் குறியுங்கள்.

இனி கூட்டம். பெரும்பாலான அன்பியங்களில் ஏழு படிகள் கொண்ட நற்செய்திப் பகிர்வு முறை தெரியும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியத் திருச்சபைகளுக்கு வந்த முறை அது. ஆண்டவரை அழைக்கிறோம், வாசிக்கிறோம், மனதில் பட்ட சொற்களைத் திரும்பச் சொல்கிறோம், அமைதி காக்கிறோம், பகிர்கிறோம். ஆறாவது படியில் குழு செய்யவேண்டிய வேலையைப் பேசவேண்டும். ஏழாவது, சொந்த வார்த்தையில் ஜெபம். நடைமுறையில் என்ன ஆகிறது? ஐந்தாவது படியில் ஒருவர் குட்டிப் பிரசங்கம் வைத்துவிடுவார், மணி எட்டரை ஆகிவிடும், ஆறாவதைத் தாண்டி ஏழாவதுக்குப் போய், சுக்குக் காப்பியோடு முடித்துவிடுவோம்.

என்னைக் கேட்டால் ஆறாவது படிதான் அன்பியத்தின் உயிர். நேரம் இல்லையென்றால் பாட்டைக் குறையுங்கள், பகிர்வை இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், ஆறாவதைத் தொடாமல் கலையாதீர்கள். அங்கே மூன்று கேள்வி போதும். போன வாரம் ஒப்புக்கொண்ட வேலை நடந்ததா? இந்த வாரம் நம் முப்பது வீட்டில் யாருக்கு ஆள் தேவை? யார் போகிறார்கள், என்றைக்கு? ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டியோடு துணைக்குப் போவது, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் சிகிச்சை எடுப்பவரின் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு நாள் சோறு, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித் தருவது, தெருவிளக்குக்கு ஊராட்சியில் மனு. இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்று முடித்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். பெயரும் கிழமையும் நோட்டில் ஏறவேண்டும்.

சீடத்துவப் பயிற்சி என்று தனியாக மண்டபம் பிடித்து, பேச்சாளரைக் கூப்பிட்டு, கோப்பு கொடுத்து, மத்தியானம் பிரியாணியோடு அனுப்புகிறோம். தப்பில்லை. ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றப் பழகுவது அந்தப் பாட்டியோடு ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று மணி நேரம் நிற்கும்போதுதான். போய்வந்த பையன் அடுத்த கூட்டத்தில் அதைத் தன் வாயால் சொல்லட்டும். பிறகு அன்றைய நற்செய்திப் பகுதியை வாசியுங்கள். வரிகள் அவனுக்கு வேறு மாதிரிக் கேட்கும். பிள்ளைகளையும் ஒதுக்காதீர்கள். முத்துக்குளித்துறையில் நோயாளிகளின் வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பி ஜெபிக்கச் செய்ததைச் சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். உறுதிபூசுதலோ திடப்படுத்தலோ முடித்த வேகத்தில் நம் பிள்ளைகள் கோயிலை விட்டு நழுவுவதற்கு ஒரு காரணம், அதன்பின் அவர்களுக்கு நாம் எந்த வேலையும் தராததுதான்.

பொறுப்பாளரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஊராட்சித் தேர்தலின் புகைச்சல் அப்படியே அன்பியத்துக்குள் வந்துவிடும். மூன்று மாதம் வீடு பார்க்கும்போதே யார் சொன்ன நாளில் போகிறார், யார் கேட்ட சங்கதியை வெளியே சொல்லாமல் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அவரைக் கேளுங்கள். மூன்று ஆண்டு, பிறகு வேறொருவர். நல்ல குரல் இருக்கிறது, நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக யாரையும் வைக்காதீர்கள்.

பணத்தை அன்பியத்துக்குள் விடாதீர்கள். சீட்டு, வட்டி, சுயஉதவிக் குழுக் கடன் எல்லாம் நல்ல நோக்கத்தோடு தொடங்கும். தவணை கட்டாத வீட்டார் அதற்குப் பின் ஜெபத்துக்கும் வரமாட்டார்கள். அவசர உதவிக்குச் சிறு நிதி வேண்டுமானால் பங்கின் கணக்கிலேயே வையுங்கள், அல்லது வின்சென்ட் தே பவுல் சபை வழியாகச் செய்யுங்கள்.

முப்பது வீட்டில் பிற சமயத்தார் வீடுகளும் இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் சுமார் 47, முஸ்லிம்கள் 4. இவ்வளவு கலந்து வாழும் ஊரில் 1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரத்தில் ரத்தம் சிந்தியதும், சமாதானம் பேசக் குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து நின்றதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே இதில் குழப்பமே வேண்டாம்: உதவிக்குப் போகிற கால் அழைப்பிதழோடு போகக்கூடாது. பக்கத்து இந்து வீட்டுத் தாத்தாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தால் அதோடு முடிந்தது. "அடுத்த வாரம் எங்க கூட்டத்துக்கு வாங்க" என்று ஒட்டுப்போடாதீர்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவரே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்து தெருவிளக்கு மனுவில் கையெழுத்துப் போட்டால், அதுவும் அன்பியத்தின் வேலைதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அன்பியம் பஞ்சாயத்து பண்ணுகிற இடம் அல்ல. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து சொன்னால், அவளை உட்காரவைத்து "பொறுத்துப் போ மக்களே" என்று ஜெபம் சொல்லி அனுப்புவது பாவம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிட அவளுக்குத் துணை நில்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. சாகவேண்டும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் 14416-ல் மனநல ஆலோசகரைப் பிடியுங்கள், அப்படிச் சொன்னவரைத் தனியே விடாதீர்கள். குடியை நிறுத்த மருத்துவம் வேண்டும், சத்தியம் வாங்கினால் மட்டும் நிற்காது. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தவக்காலம் வரட்டும், புதுப் பங்குத்தந்தை வரட்டும், மேலிடத்துச் சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்ததும் கடையில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வாசலிலிருந்து நடந்து முப்பது கதவுகளை எண்ணி எழுதுங்கள். அவற்றில் எந்த வீட்டுக்காரரின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லையோ, முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.