சாச்சிக்கிட்ட கேட்டு எடுங்க

எங்கள் ஊரில் ஒரு வளவுக்குள் மூன்று நான்கு வீடுகள் இருப்பது சாதாரணம். உம்மா தன் காணியைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவார். ராத்தாவின் குசினிச் சுவருக்கு அப்பால் தங்கச்சியின் அறை தொடங்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகத்தான் இருப்பார். ஆகவே எங்கள் சாய்ந்தமருதில் பக்கத்து வீட்டு வைஃபையைச் சொல்லாமல் எடுப்பது யார் என்று தேடிப்போனால், அநேகமாக நம்மைச் சாச்சி என்றோ மாமி என்றோ கூப்பிடும் ஒரு பிள்ளையிடம்தான் போய் நிற்போம். இதைப் பற்றி யாரும் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம். ஒரு வைஃபைக்காகச் சொந்தத்தைப் பகைக்கவா என்று விட்டுவிடுகிறார்கள். விடவும் வேண்டாம், பகைக்கவும் வேண்டாம் என்பது என் வீட்டில் நான் கண்டது.

என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் ஐஎம்ஓவில் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவதற்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பார். எங்களுடையது அளவுள்ள பெக்கேஜ். டேட்டா முடிந்தால் இணைப்பு நிற்காது, வேகம் விழுந்துவிடும். அவர் வாய் அசைவது தெரியும், குரல் வராது. மாத நடுவிலேயே இப்படி ஆகத் தொடங்கியதும் கம்பனிதான் ஏமாற்றுகிறது என்றார்கள் வீட்டில். எனக்கு அது பொருந்தவில்லை. நாங்கள் பாவிப்பது கூடவில்லையே!

வீட்டில் இருந்த போன், லெப்டொப், டீவி எல்லாவற்றிலும் வைஃபையை நிறுத்தினேன். என் போனை மட்டும் வைத்துக்கொண்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். (சில ரவுட்டர்களில் இலக்கம் வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம்.) இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் என் போனுக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள். ஒன்று ஒரு போனின் மொடல் பெயர். மற்றது டீவி. டேட்டாவைத் தின்றது அந்த டீவிதான். தெளிவான வீடியோ ஒரு மணித்தியாலம் ஓடினால் 3 ஜீபி வரை போய்விடும்.

பாஸ்வேர்டை நான் மதிலுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை. பெருநாளைக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் போனில் போட்டுக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த போனில் இருந்த ஒரு செயலி, தான் அறிந்த வைஃபை பாஸ்வேர்டுகளைத் தன் சேமிப்புக்கு அனுப்பி, பக்கத்தில் வரும் வேறு போன்களுக்கும் திறந்துவிடும் வகையைச் சேர்ந்தது. "இலவச வைஃபை" என்ற பெயரில் இப்படிப் பல செயலிகள் உலாவுகின்றன. பாஸ்வேர்டைக் கொடுத்த வீட்டுக்கும் தெரியாது, வாங்கிய விருந்தாளிக்கும் தெரியாது.

போனின் மொடலை வைத்து ஆளை ஊகித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன். அவனைத் தெருவில் நிறுத்திக் கேட்கவில்லை. அசருக்குப் பிறகு, வீட்டில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவனுடைய உம்மாவிடம் போனேன்.

"ராத்தா, நம்மட வைஃபையில ஒங்கட டீவியும் ஓடுது போல இரிக்கி. தம்பிக்குப் படிக்கத் தேவையெண்டா கேட்டா நான் தாறன்தானே."

ராத்தாவின் முகம் கறுத்துவிட்டது. "அவன் ரீலோட் போட்டுத்தான் பாக்கான் எண்டு இரிந்தன் தங்கச்சி. எனக்கு ஒண்டும் தெரியா."

பையனைக் கூப்பிட்டார். "ஆரும் தரல்ல சாச்சி, எப்புல தானா வந்திச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை. டியூஷன் பாதி சூமில் நடக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது தொடங்கிய பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. அந்தக் காலத்தில் பொஹிட்டியாவ என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை ஏறிப் படித்த செய்தி உலகமெல்லாம் போனது. கரையோரத்தில் பாறை இல்லை, பக்கத்து வீட்டு மதில் இருந்தது. படிப்புக்கென்று கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2016இல் துபாயின் இஸ்லாமிய விவகாரத் திணைக்களத்திடம் இதே கேள்வி போனது. அயலவர் அனுமதித்தால் பாவிக்கலாம், அனுமதிக்காவிட்டால் கூடாது என்பதுதான் பதில். அயலவர் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசும் எங்கள் ஊரில், காற்றில் வருவதால் இது யாருடைய சொத்தும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்து வளரக்கூடாது. அந்த டேட்டாவுக்கான காசு வெயிலில் நின்று உழைத்த ஒருவருடையது.

நான் செய்தது இதுதான். பாஸ்வேர்டை மாற்றினேன். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை ஒன்றைத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் வைத்து, ராத்தாவிடமே கொடுத்தேன். டீவி கூடாது, வகுப்பு மட்டும். எங்கள் பெக்கேஜில் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை வேறாக டேட்டா இருக்கிறது. அது பெரும்பாலும் பாவிக்காமலே போய்க்கொண்டிருந்தது. சுபஹுக்கு எழும்புகிற பிள்ளை அந்த நேரத்தில் பாட வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்ளட்டும் என்றேன். செய்கிறான். மாதக் கடைசி வரை இப்போது கணவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

வைஃபையை யார் எடுக்கிறார்கள் என்று கவனிக்கக் காசை விடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 2008 ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதைத் தேடிப்போன பொலிஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பாவித்திருந்தார்கள். கணினிகளை எடுத்துச் சோதித்து, விசாரித்து, அவருக்குத் தொடர்பில்லை என்று தெளிவாகும்வரை அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு எங்கள் ஊரில், ஈஸ்டர் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் தங்கியிருந்த ஒரு வாடகை வீட்டில் துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்ததற்குப் பிறகு, யாருக்கு வீடு கொடுக்கிறோம் என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டோம். ஒரு பேஸ்புக் பதிவுக்காக ஆட்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்த நாடு இது. இணைப்பை யார் பாவிக்கிறார்கள் என்பதையும் அதே கவனத்தோடு விசாரிக்கவேண்டும்.

சட்டமும் இருக்கிறது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையில்லை என்று தெரிந்தும் ஒரு கணினிக்குள் நுழைய முயன்றால் 100,000 ரூபாய் வரை தண்டம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தகவலைக் கையாளும் மின்னணுச் சாதனம் எதுவும் அதில் கணினிதான். இதற்காக ஒரு பிள்ளையைப் பொலிஸுக்கு இழுப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். ஆனால் சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும், நான் சொன்னேன்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காதீர்கள். வீட்டுக்குள் வந்த எவரும் அதைப் படம் பிடித்திருக்கலாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு, அதையும் மாற்றவேண்டும். பாஸ்வேர்ட் அடிக்காமல் சாதனங்களை இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 தடவைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளியாகிவிட்டது. வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் பயனில்லை. ஒரு போனை மட்டும் தடுப்பதும் இப்போது அவ்வளவாக உதவாது. புதிய போன்கள் தம் அடையாள எண்ணை மாற்றிக்கொள்கின்றன.

பாஸ்வேர்ட் மாற்றும் நாளில் வீட்டு டீவி, கமரா எல்லாவற்றிலும் புதிதாகப் போடவேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். அரை மணித்தியால வேலைதான். ரவுட்டரைத் திருத்த வருபவர் ரீசெட் செய்தால் அது பெரும்பாலும் பழைய ஸ்டிக்கர் பாஸ்வேர்டுக்கே திரும்பியிருக்கும். அவர் போன கையோடு மறுபடி மாற்றிவிடுங்கள்.