சாரல் காலத்துக் கேமராக்கள்

குற்றாலத்துக்கு வந்து போனவர்கள் எல்லோரிடமும் பேரருவியின் படம் ஒன்று இருக்கும். தண்ணீர் விழாத நாளில் அந்தப் பாறையை எடுத்த படம் எத்தனை பேரிடம் இருக்கும்? அருவி மெலிந்து, பாறை வெயிலில் காயும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் அதில் செதுக்கப்பட்டிருக்கும் சிவலிங்கங்கள் நன்றாகக் கண்ணில் படும். சீசனில் லட்சக்கணக்கானோர் அவற்றின் அருகில் நின்று குளிக்கிறார்கள். தண்ணீர்த் திரைக்குள் அவற்றைக் கவனிப்பவர் சொற்பம். "இப்ப அங்க என்ன இருக்கு? சீசன்ல போங்க" என்று ஊர்க்காரர்களே கையை விரிக்கிற மாதங்கள் அவை. தென்காசி வட்டாரத்தில் புகைப்பட ஆர்வலர்கள் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தால், முதல் நடையை அப்படியொரு நாளில் வைத்துக்கொள்வது நல்லது. சுற்றுலாப் பயணி எடுக்காத படத்தை எடுப்பதுதான் உள்ளூர்க் குழுவின் வேலை என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

இப்படிப் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் கூடுவது தமிழ்நாட்டில் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மதராஸ் புகைப்படச் சங்கம் 1850களிலேயே உருவாகிவிட்டது. ஓவியக் கல்லூரியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் அதன் முன்னோடிகளில் ஒருவர். அதே காலத்தில்தான் லின்னேயஸ் டிரைப் காகித நெகட்டிவ்களையும் பெரிய கேமராவையும் சுமந்துகொண்டு மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். நம் காலத்துக்கு வந்தால், 2008இல் தொடங்கிய 'சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ்' இந்தப் பொழுதுபோக்கின் முகத்தையே மாற்றியது. விடுமுறை நாளில் விடியலிலேயே ஓரிடத்தில் கூடுவது, தெருத்தெருவாக நடப்பது, எடுத்ததைப் பகிர்ந்து பேசுவது, கண்காட்சி வைப்பது என்ற அவர்களின் எளிய முறை ஊர் ஊராகப் பரவியது. நிரந்தர அலுவலகமோ பெரிய சந்தாவோ இல்லாமலே ஒரு குழு நடக்கும் என்று அது காட்டியது.

நெல்லைச் சீமைக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படத்தின் மூத்தவர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தது திருநெல்வேலியில். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்தி அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அவர்களுக்குக் கிருஷ்ணன் கதையைச் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் செல்போனோடு அடுத்த ஞாயிறு வரச் சொல்லலாம். முக்காலியும் மேக்ரோ லென்ஸும் ஆளுக்கொன்று வேண்டியதில்லை. குழுவுக்கு ஒன்று இருந்தால் மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் படம் எடுப்பது தனிக் கலை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது, மழையா வெயிலா என்று சொல்ல முடியாத சாரல் இறங்கும். அந்தச் சாரலுக்குக் கேமராவின் எந்தப் பொத்தான் இடுக்கும் தெரியும். விலையுயர்ந்த மழையுறை இல்லையென்றால் ஒரு பாலித்தீன் பை, இரண்டு ரப்பர் பேண்ட், லென்ஸின் முன்பக்கத்துக்கு ஒரு ஹூட் போதும். துடைப்பதற்கு மெல்லிய துணிகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நனைந்துவிட்டால் அதன் பிறகு அது லென்ஸில் ஈரத்தைப் பூசத்தான் உதவும். ஏசி அறையில் தங்குகிறவர்கள், வெளியே வந்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். பை மூடியபடியே அரை மணி நேரம் கிடந்து வெளிச்சூட்டுக்கு வரட்டும். வீடு திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட வேண்டும். பருவமழைக் காலத்தில் அலமாரிக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடித்தால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில சமயம் லென்ஸின் விலையை எட்டிவிடும்.

அருவித் தண்ணீரைப் பட்டுத்துணி போல வழியவிடும் படங்கள் எல்லோருக்கும் பிடிக்கின்றன. அரை நொடி, ஒரு நொடி ஷட்டரைத் திறந்துவைத்து எடுப்பது அது. ஆனால் பேரருவி முழு வேகத்தில் கொட்டும்போது அந்த உத்தியைப் பயன்படுத்தினால் படத்தில் ஒரு வெள்ளைப் பொதிதான் மிஞ்சும். அந்த நேரத்தில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைத்துப் பார்க்க வேண்டும். பாறையில் மோதித் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் தனித்தனியே நிற்கும். அருவியின் பலம் தெரியும். நீண்ட ஷட்டர் வித்தைக்கு ஐந்தருவியில் தண்ணீர் மெல்லப் பிரிந்து இறங்கும் நாட்களே பொருத்தம். எந்த வேகமானாலும் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துக்கொள்வது பாதுகாப்பு. கரும்பாறையைப் பார்த்து ஏமாறும் கேமரா, தண்ணீரை வெளிறடித்துவிடும். வெளிறிப்போன வெள்ளையைக் கணினியில் மீட்க முடியாது.

நேரமும் முக்கியம். மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது குற்றாலம். காலை வெயில் அருவியின் மேல் நேராக விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே ஒதுங்கிவிடும். வானவில் வேண்டுமானால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று நீர்த்துளிப் புகையைப் பார்க்க வேண்டும். காலையில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

இதே கணக்கு சூரியகாந்தி வயலிலும் பலிக்கும். 'ரோஜா' படத்தில் நாயகியின் ஊராக வரும் சுந்தரபாண்டியபுரமும் அதைச் சுற்றிய வயல்களும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மஞ்சளாகும்போது கேரளத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். முற்றிய சூரியகாந்திப் பூ சூரியனோடு சுற்றுவதில்லை. கிழக்குப் பார்த்தே நின்றுவிடும். ஆகவே காலையில் மேற்குப் பார்த்துக் கேமராவைப் பிடித்தால் பூவின் முகத்திலும் அதன் பின்னால் நிற்கும் மேற்கு மலைத் தொடரிலும் ஒரே வெயில். மாலையில் போகிறவர்களுக்கு வெளிச்சம் மலைப் பக்கத்திலிருந்து வருவதால் பூமுகம் நிழலில்தான் கிடைக்கும். காற்றாலைகளை வைத்து எடுப்பவர்களுக்கு அதுவும் ஒரு படம்தான். அந்நியன் பாறை பக்கத்தில்தான் இருக்கிறது. 'அந்நியன்' பாடலுக்காக நடிகர்களின் முகங்கள் தீட்டப்பட்ட அந்தப் பாறையை எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

வயல் என்பது ஒருவரின் ஒரு போகத்து உழைப்பு. படத்துக்காக வரப்பை விட்டு உள்ளே இறங்கிச் செடியை மிதிப்பவர்களால் நொந்துபோன விவசாயிகள் பலர். நுழைவதற்குக் காசு கேட்கும் விவசாயி மீது கோபப்படுகிறவர்களும் உண்டு, அது நியாயமில்லை. குழுவாகப் போகிறவர்கள் முதலில் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, "அண்ணாச்சி, வரப்புல நின்னு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்க வேண்டும். பின்னர் ஒரு நல்ல படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு பூ எப்போது மலரும் என்று அவரே போன் செய்து சொல்வார்.

அருவிக்கரையில் இந்த மரியாதை இன்னும் கண்டிப்பாக வேண்டும். குளிக்கிற இடத்தில், அதிலும் பெண்கள் பகுதியை நோக்கி, கேமராவைத் திருப்பவே கூடாது. 'மக்கள் வாழ்க்கையைப் பதிவு செய்கிறோம்' என்ற விளக்கம் அங்கே செல்லாது. ஈரத்துணியோடு நிற்கும் எவரும் படத்துக்குச் சம்மதம் தந்தவர் இல்லை. மனிதர்களை எடுக்க வேண்டுமா? ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருக்கும் பழக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். செண்பகாதேவி, தேனருவி போன்ற மேலருவிகள் காட்டுக்குள் இருப்பவை. வனத்துறையின் அனுமதியில்லாமல் ஏறுவதையும் டிரோன் பறக்கவிடுவதையும் குழு விதியாகவே தடுத்துவைக்க வேண்டும். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. குற்றாலம் கோயிலின் சித்திர சபை ஓவியங்களைக் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு வரலாம். நிறம், கோடு, இட அமைப்பு மூன்றையும் அங்கே படித்தவர் வெளியே வந்து எடுக்கும் படம் மாறியிருக்கும்.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இந்த ஊர்ப் புகைப்படத்தைப் பற்றி எழுத முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்யும் மழை தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். தண்ணீர் கலங்கி நிறம் மாறினாலும், சருகும் குச்சியும் கூடுதலாக வந்தாலும், இரைச்சல் மாறினாலும் முக்காலியை விட்டுவிட்டு மேடேற வேண்டும். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. அதனால் ஓடைக்கரையில் ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் தண்ணீரைக் கவனித்துக்கொண்டு நிற்பது என்ற ஏற்பாடு இல்லாத குழு, அருவிப் பக்கம் போகவே வேண்டாம்.

மாதக் கூட்டத்தைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஆளுக்கு மூன்று படம், அதற்கு மேல் கிடையாது. நூறு படத்திலிருந்து மூன்றைப் பொறுக்குவதிலேயே பாதிக் கல்வி முடிந்துவிடுகிறது. படம் திரையில் இருக்கும்போது எடுத்தவர் பேசக் கூடாது. மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். "அருமை", "சூப்பர்" என்ற சொற்களுக்குத் தடை. முதலில் கண் எங்கே போகிறது, எதை நீக்கினால் படம் வலுப்பெறும் என்று இரண்டே கேள்விகள் போதும். நன்றாக வந்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். செல்போன் திரையில் தெரியாத குறை பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் உடனே தெரியும்.

போட்டிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. 1953இல் தொடங்கிய இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பும், 1950இல் தொடங்கிய 'ஃபியாப்' என்ற சர்வதேசக் கூட்டமைப்பும் அங்கீகரிக்கும் 'சலோன்' என்ற போட்டிக் கண்காட்சிகளில் படங்கள் ஏற்கப்பட ஏற்கப்பட, ஏஃபியாப், ஈஃபியாப் போன்ற தகுதிகள் கிடைக்கும். இயற்கைப் பிரிவுக்கு அனுப்பும்போது கவனம் தேவை. படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். பதக்கம் தூண்டுகோலாக இருக்கட்டும். ஆனால் பதக்கத்துக்காகவே எடுக்கத் தொடங்கினால் தென்காசிக்காரரின் படமும் டார்ஜிலிங்காரரின் படமும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. குழுவின் சாதனையைப் பதக்கப் பட்டியலில் தேடுவது எனக்கு உடன்பாடில்லை.

வேறெங்கே தேடுவது? தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பின்னாளில் சிதைந்து மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. மீண்டும் கட்டி முடித்துக் குடமுழுக்கு நடந்தது 1990இல். அந்தப் பிளந்த கோபுரம் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு இருப்பவை சில பழைய படங்களே. கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றையும், அதில் பறக்கும் வேட்டி சேலைகளையும் இன்று யாராவது பொறுமையாக எடுத்துவைத்தால் ஐம்பது ஆண்டு கழித்து அவற்றுக்கு இருக்கும் மதிப்பே தனி. செங்கோட்டை - கொல்லம் மலைப்பாதை ரயிலும் அப்படித்தான். 1904 முதல் ஓடிய மீட்டர் கேஜ் வண்டி 2010இல் நின்றது. 2018இல் முழுப் பாதையும் அகலப் பாதையாகத் திறந்தது. அந்தக் கடைசி ஆண்டுகளில் ஆரியங்காவு குகைக்கும் கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்துக்கும் கேமராவோடு அலைந்தவர்கள் எடுத்தவை இன்று வரலாறு.

பறவை எடுப்பவர்களுக்கு இன்னும் நேரடியான பயன் இருக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. குளக்கரையில் எண்ணுகிறவருக்கு ஓர் இனத்தில் சந்தேகம் வந்தால் தீர்த்துவைப்பது தெளிவான ஒரு படம்தான். கூட்டை நெருங்காமல், பறவையை விரட்டிப் பறக்கவிடாமல் எடுத்த படமாக அது இருக்க வேண்டும்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். ஊர்கள் விரிகின்றன, வயல்கள் மனைகளாகின்றன, சாலையோர மருத மரங்கள் குறைகின்றன. இந்த மாற்றத்தை யாராவது படமாக எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பெரிய குழுவும் தேவையில்லை. உங்கள் ஊர்க் குளத்துக் கரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், தண்ணீர் மட்டம், கரையில் இருந்தவை எல்லாவற்றையும் படத்தோடு எழுதிவையுங்கள். உலகப் புகைப்பட நாள் ஆகஸ்ட் 19. நம்மூரில் அது சாரல் காலம். அன்று அந்தப் படங்களை ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்து, வீட்டில் இருக்கும் பழைய குற்றாலப் படங்களையும் எடுத்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.