மூன்று பேர் ஸ்கூட் சொல்வதே இல்லை: எனக்கு அதில் எவ்வளவு லாபம்?

கேள்வி: சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இராஜபாளையத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆறு பேர் உட்கார்ந்து பதிமூன்று சீட்டு ரம்மி ஆடுவோம். பாயின்ட் கணக்கு. முதல் ஸ்கூட் (சீட்டு இழுக்கும் முன்பே ஆட்டத்திலிருந்து விலகுவது) 20, ஃபுல் (முழுத் தோல்வி) 80. எங்களில் மூன்று பேர் எவ்வளவு மோசமான கை வந்தாலும் ஸ்கூட் சொல்ல மாட்டார்கள். ஒரிஜினல் ரம்மிக்கு (ஜோக்கர் சேராத தொடர்) வழியே இருக்காது. ‘பார்ப்போம்’ என்று சீட்டை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியென்றால் நான் எப்போதும் மேலே இருக்க வேண்டுமே? அப்படி இல்லை. போக்கரில் எதிராளியின் தவறுக்கு விலை போடும் கணக்கு உண்டு என்கிறான் பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன். ரம்மிக்கும் அப்படிப் போட முடியுமா ஐயா?

— வாசகர், இராஜபாளையம்

பதில்: போட முடியும். போக்கரில் கணக்கு சுருக்கமானது என்பதால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் மேஜைக்கு வருகிறேன்.

கடைசிச் சீட்டு ஒன்று விழ வேண்டும். எதிராளிக்கு ஆர்ட்டினில் நான்கு சேர்ந்திருக்கிறது. இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் அவர் ஜெயிப்பார், இல்லையென்றால் நீங்கள். அவர் கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. மேஜையில் 100 கிடக்கிறது, நீங்கள் மேலும் 50 வைக்கிறீர்கள். அவரும் 50 போட்டுத் தொடர்கிறார். அதற்கு மேல் பந்தயம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 46 தடவையில் 9 தடவை அவருக்கு 150 கிடைக்கும், 37 தடவை 50 போகும். சராசரியாக ஒரு தடவைக்கு ஏறக்குறைய 11 நஷ்டம். அந்தத் தவறின் விலை இதுதான். அன்றைக்கு ஆர்ட்டின் விழுந்து அவரே அள்ளிக்கொண்டு போனாலும் விலை மாறாது.

இனி உங்கள் ரம்மி. தோற்பவர் ஒருவர் சராசரியாக 30 கொடுக்கிறார் என்று கொள்வோம். ஐந்து பேரிடமிருந்து ஜெயித்தவருக்கு 150. ஜோக்கரும் இல்லாமல், அடுத்தடுத்த சீட்டும் இல்லாமல் ஒரு கை வந்திருக்கிறது. அதை வைத்து ஆடினால் நூற்றுக்கு ஐந்து தடவை ஜெயிக்கலாம். தோற்கும்போது சராசரி 45 போகும். ஐந்து தடவை 150 என்றால் வரவு 750. தொண்ணூற்றைந்து தடவை 45 என்றால் செலவு 4,275. ஆட்டத்துக்கு 35 பாயின்ட் நஷ்டம். ஸ்கூட் சொல்லியிருந்தால் 20 தான். ஆகவே, ‘பார்ப்போம்’ என்று உட்கார்ந்ததன் விலை சுமார் 15.

பதினைந்தா என்று சந்தோஷப்பட வேண்டாம். அது அவர் பையிலிருந்து போகும் தொகை. உங்கள் பைக்கு அப்படியே வருவதில்லை. அவர் தோற்ற ஆட்டத்தில் ஜெயிப்பது மற்ற ஐந்து பேரில் யாராவது ஒருவர். போக்கர் உதாரணத்தில் இருவர் மட்டுமே இருந்ததால் அவர் இழந்தது முழுக்க உங்களுக்கு வந்தது. இங்கே உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று: ஒரு தவறுக்கு 3 பாயின்ட். அந்த மாதிரிக் கை ஐந்து ஆட்டத்துக்கு இரண்டு வரும் என்றால், ஒருவரிடமிருந்து ஓர் ஆட்டத்துக்கு உங்களுக்கு 1.2. மூன்று பேர் சேர்ந்து 3.6.

அந்த மூன்று பேரும் ஒருவர் தவறில் மற்றவர் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆட்டத்துக்கு ஆறு பாயின்ட் விடுகிறவருக்கு மற்ற இருவரிடமிருந்து 2.4 திரும்பி வருகிறது. அவர்கள் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அடிவாங்காததற்கு இது ஒரு காரணம்.

ஸ்கூட் சொல்லாத தவறுக்கு விலை போடுவது எளிது. சீட்டு இறக்குவதில் நடக்கும் தவறுக்கு அவ்வளவு எளிதல்ல. கையில் ஆர்ட்டின் ராணியும் ராஜாவும் ஜோடி, ஸ்பேட் ஆறும் ஏழும் இன்னொரு ஜோடி. ஏதாவது ஒன்றை உடைக்க வேண்டும். முதல் ஜோடிக்கு ஜாக்கி அல்லது ஏஸ் வர வேண்டும். இரண்டாவதற்கு ஐந்து அல்லது எட்டு. இரண்டு கட்டுச் சீட்டில் இரண்டுக்கும் நாலு நாலு சீட்டு, வாய்ப்பு சமம். ஆனால் மாட்டிக்கொண்டால் படத்துக்கு 20, ஆறு ஏழுக்கு 13. ஆகவே படத்தை வைத்துக்கொள்கிறவர் 7 பாயின்ட்டைக் கூடுதலாகப் பணயம் வைக்கிறார். பாதி ஆட்டங்களில் மாட்டுவார் என்றால் விலை 3.5. இங்கேதான் நிதானம் வேண்டும். உங்கள் மேஜையில் எல்லாரும் முதல் சுற்றிலேயே படத்தை இறக்குகிற பழக்கம் உள்ளவர்கள் என்றால், அவருக்கு வேண்டிய ஜாக்கி கீழேயே வந்து விழும். அப்போது அவர் செய்தது தவறே அல்ல, உங்களைப் படித்துவிட்டு ஆடுகிறார். எதிராளியின் தவறு என்று நாம் குறித்துவைக்கும் பலவற்றின் விலை, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்து மாறும்.

சரி, ஆட்டத்துக்கு 3.6 வருகிறதே, ஏன் கண்ணில் தெரியவில்லை? ஆறில் ஒரு தடவை +150, ஐந்து தடவை −30 என்று ஏறி இறங்கும் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏற்ற இறக்கம் 67 பாயின்ட் அளவில் இருக்கும். நூறு ஆட்டத்தில் உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது 360. அதிர்ஷ்டம் அதை 670 வரை மேலும் கீழும் இழுப்பது சர்வசாதாரணம். நூறு ஆட்டம் நன்றாக ஆடியும் நஷ்டத்தில் எழுந்திருக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு உண்டு. ஆயிரம் ஆட்டம் போனால்தான் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கும். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்களுடன் மோதியபோது 1,20,000 கை ஆடவைத்தார்கள். அதிர்ஷ்டத்தைக் கழித்துத் திறமையைப் பார்க்க அத்தனை தேவைப்பட்டது.

மன்றம் வாங்கும் மேஜைக் காசையும் கழியுங்கள். ஆட்டத்துக்கு 2 பாயின்ட் அளவுக்கு அது இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 1.6. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் சத்தியநாராயணா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, இடம் கொடுப்பவர் அந்த ஆட்டத்தில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. மன்றத்தில் காசு எந்தக் கணக்கில் வாங்குகிறார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

போனில் ஆடிப் பார்த்து இந்தக் கணக்கைச் சோதிக்கலாமே என்று அக்கா மகன் சொன்னால் கேட்காதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே 2022இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவர நேர்ந்ததற்குக் காரணம், கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் குடும்பங்கள். முகம் தெரியாத எதிராளியின் தவறுக்கு யாரும் விலை போட முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் கமிஷன் போவது மட்டும் நிச்சயம்.

நான் போட்ட ஐந்து சதவீதமும் 45 பாயின்ட்டும் உதாரண எண்கள். உங்கள் மேஜையின் எண்கள் உங்களிடம்தான் கிடைக்கும். ஒரு நோட்டுப் போட்டு, ஸ்கூட் சொல்லியிருக்க வேண்டிய கையை ஆடியவர் யார், எத்தனை பாயின்ட் கொடுத்தார், ஜெயித்தாரா என்று எழுதுங்கள். தோற்றவர் கையைக் காட்டும்போது இது ஓரளவு தெரிந்துவிடும். முதல் பத்தியில் உங்கள் பெயரையே போடுங்கள். உங்கள் ஒரு தவறு உங்களுக்கு 15 முழுதாகச் செலவு, அவர்கள் தவறு 3 மட்டுமே வரவு. இருநூறு ஆட்டம் சேர்ந்ததும் அந்த நோட்டை அனுப்புங்கள், உங்கள் எண்களை வைத்தே திரும்பக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.